கரி தூவிய வயல்

அந்தக் காலத்தில் காக்கையும் பனியும் சூரியனும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. அப்போது வடக்கே, மலைகளுக்கும் அப்பால், ஒரு பனிநாடு இருந்தது. அங்கே கோடை ஓர் அவசரக்கார விருந்தாளி. வந்து உட்காருவதற்குள் செருப்பைத் தேடும். வயலில் கிடக்கும் பனி உருகவே பாதிக் கோடை போய்விடும். மீதியில் பார்லி பால் பிடிக்கும். முற்றுவதற்குள் அடுத்த பனி வந்து மூடிவிடும்.

யாங்டோல் என்பவள் வீட்டில் ஒரு குடுவை விதைதான் மிஞ்சியிருந்தது. இந்த முறையும் கதிர் முற்றாவிட்டால் அவளும் கணவன் நொர்புவும் பட்டினிதான். அவள் வயலில் நின்று அண்ணாந்து கத்தினாள்.

"சூரியனாரே! எங்க வயலை மட்டும் ஏன் பார்க்கவே மாட்டேங்கிறீங்க?"

"வயலா? எங்கேம்மா இருக்கு?" என்றார் சூரியன். "கீழே பார்த்தாலே கண்ணு கூசுது. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிடறேன்."

"என் நிறம் அப்படி!" என்று பனி பெருமையாகச் சிரித்தது.

அங்கே உலாத்திக்கொண்டிருந்த காக்கைக்குப் பொறுக்கவில்லை. "உன் நிறம் கிடக்கட்டும். நேத்து என் இறகு ஒண்ணு விழுந்துச்சே, அதுக்கு வழிவிட்டுக் குழிஞ்சு கொடுத்தது யாரு?" என்று கேட்டது. யாங்டோல் குனிந்து பார்த்தாள். கறுப்பு இறகின் கீழே மட்டும் பனி உருகிக் குழிந்திருந்தது. "கறுப்பு பட்ட இடத்துல பனி நிக்காதா!" என்றாள்.

வீட்டுக்கு ஓடி, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் பனியை அள்ளிக் கொட்டினாள். அந்த நாட்டில் அடுப்பை அணைப்பது குடியைக் கெடுப்பதற்குச் சமம்; அணைத்த வீட்டுக்கு அண்டைவீட்டார்கூட நெருப்புத் தரமாட்டார்கள். நொர்பு அலறிவிட்டான்.

"பைத்தியமா உனக்கு? மலையைத் தாண்டிப் போனாத்தான் நெருப்பு. அதுக்குள்ள விறைச்சுச் சாவோம்!"

"கதிர் முற்றலேன்னா எப்படியும் அணையப்போற அடுப்புதானே?" என்றாள். கரியை இடித்துப் பொடியாக்கிக் கூடையில் அள்ளினாள். பனி 'ஐயோ, ஐயோ' என்று கதறக் கதற, வயல் முழுக்கத் தூவினாள்.

"அடடே, அது என்ன கறுப்பு?" என்று சூரியன் நின்றார். கண் கூசவில்லை. குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலில் ஒரு சொட்டுச் சத்தம். பிறகு வயலெங்கும் சலசலவென்று நீர் ஓடிற்று. பனி விலக விலக, ஆவி பறக்க மண் எழுந்து வந்தது. இவ்வளவு சீக்கிரத்தில் மண்ணின் முகத்தை அந்த நாட்டில் யாருமே பார்த்ததில்லை. யாங்டோலின் கைகள் தாமாகக் குவிந்தன. திட்டிக்கொண்டிருந்த நொர்பு மண்டியிட்டு மண்ணில் கன்னத்தை வைத்தான். அது வெதுவெதுப்பாக இருந்தது. அவன் அழுதான்.

அந்த ஆண்டு பனி திரும்பி வருவதற்குள் கதிர் பொன்னாக முற்றி வீடு வந்து சேர்ந்தது.

அன்று முதல்தான் பனிநாட்டார் விதைப்புக்கு முன்னால் வீட்டு அடுப்பை அணைத்து, கரியை வயலில் தூவுகிறார்கள். அன்றைக்கு எந்த வீட்டிலும் சமையல் கிடையாது. ஊரே வெளியே வந்து, சூரியனிடம் குளிர்காய்கிறது.