மாடியறைக் கணினியின் கதவு

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. ஆசான் போய் வாசலைத் திறந்தார். யாருமில்லை.

மறுபடி டொக், டொக். சத்தம் பெனிட்டாவின் அறையிலிருந்து வந்தது.

ஆசானிடம் கணினி வேலை கற்கும் சிஷ்யை அவள். கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேயோன்னு நினைச்சேன். பேய் இவ்வளவு பொறுமையா தட்டாதே," என்றார் ஆசான்.

அவள் சிரிக்கவில்லை.

"தூத்துக்குடியில மாமியார் வீட்டு மாடியறையில என் வீட்டுக்காரரோட கணினி இருக்கு, ஐயா. அத்தை அதை அணைக்கவே விடமாட்டாங்க. நீங்க சொல்லித்தந்தபடி இங்கிருந்து அதுக்கு இணைப்பு போட்டேன். எங்கிருந்தாவது யாராவது அதுக்குள்ள நுழையத் தப்பான கடவுச்சொல் போட்டா இந்தச் சத்தம் வரும்."

"கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போக உனக்குன்னு கணினிச் சாவி செஞ்சுட்டியே. கடவுச்சொல் வழியை ஏன் மூடலை?"

"அவர்கிட்ட சாவி இல்லையே, ஐயா. கப்பல்லேருந்து கடவுச்சொல் போட்டுத்தான் வருவார்."

அவள் கணவர் வேலைபார்த்த கப்பல் மூழ்கியபோது குழந்தை இன்னும் பிறந்திருக்கவில்லை. அவர் உடலும் கிடைக்கவில்லை.

"உள்ளே என்ன இருக்கு?"

"பாப்பா வயித்துல இருக்கும்போது அவர் பாடிவச்ச தாலாட்டு. அப்புறம் பாப்பா படங்கள். அவர் வந்தா பார்க்கட்டும்னு நான்தான் போட்டுவச்சேன்."

டொக். குழந்தை திடுக்கிட்டு அழுதது.

"எவனாவது சரியாப் போட்டுட்டா, பாப்பா முகத்தைப் பார்த்துடுவானே! மூடவும் பயமா இருக்கு. அவர் வந்து தட்டினா?"

"உள்ளே போ. அந்தத் தாலாட்டைப் போடு."

சாவியை ஏற்றுத் தூரத்துக் கணினி திறந்தது. கரகரத்த ஆண்குரல் ஒன்று சுருதி சேராமல் பாடியது. நடுவில் வரி மறந்துபோய், "மிச்சத்தை உங்கம்மா பாடுவா," என்று சிரித்தது. அதோடு பதிவு முடிந்தது.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

டொக், டொக்.

"தட்டுறது யாரு?"

"தெரியலை, ஐயா."

"பாடினது?"

"அவர்."

"அப்போ யாருக்கும்மா கதவைத் திறந்து வச்சிருக்கே?"

பெனிட்டா வெகுநேரம் அழுதாள். ஆசான் குழந்தையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் விசைப்பலகையில் கை வைத்ததும் மெல்லச் சொன்னார்:

"மூடுறதுக்கு முன்னாடி உன் சாவியை இன்னொரு தடவை போட்டுப் பாரு. இல்லேன்னா நீயும் வெளியே நின்னுடுவே."

போட்டுப் பார்த்தாள். திறந்தது.

அவர் விட்ட வரியிலிருந்து தாலாட்டைத் தொடர்ந்தபடியே, பெனிட்டா அந்தக் கடவுச்சொல் கதவை உள்ளிருந்து தாழிட்டாள்.