பூஜை போட்ட துப்பாக்கி

செங்கரட்டூரை ஆண்ட வல்லப ராஜாவுக்கு வாளும் வேலும் திடீரென்று அலுத்துப்போயின. பொங்கல் முடிந்ததும் பக்கத்துக் கொம்பனூர் ராஜா படையெடுத்து வரப்போகிறான் என்று ஒற்றர்கள் சொல்லியிருந்தார்கள். துப்பாக்கி வாங்கியே தீரவேண்டும் என்று நம் ராஜா ஒற்றைக் காலில் நின்றார். மூக்கில் வியர்த்ததுபோல இரண்டு வியாபாரிகள் வந்து சேர்ந்தார்கள்.

ஒருவர் கடல் கடந்து வந்த பெத்ரோ. அவருடைய துப்பாக்கியில் வெள்ளியில் கொடியும் பூவும் இழைத்திருந்தது. அதைக் கையில் எடுத்தால் சண்டைக்குப் போகத் தோன்றாது, பெண் பார்க்கப் போகத்தான் தோன்றும். மற்றவர் காயல் துறைமுகத்து நைனா மரைக்காயர். அவருடைய துப்பாக்கி உலக்கைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ கடகடத்தது.

நந்தவனச் சுவரில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். பெத்ரோ சுட்டார். பழம் சரிபாதியாகப் பிளந்தது. இன்னொரு பழம் வைத்தார்கள். மரைக்காயர் சுட்டார். பழம் அப்படியே இருந்தது. எங்கோ ஓரத்தில் இருந்த பூந்தொட்டி போய்விட்டது.

"வெள்ளித் துப்பாக்கிதான், மகாராஜா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார் தளவாய் அரசப்பர். படைக்கெல்லாம் தலைவர் அவர். புரட்டாசி வெயிலில் தலையில் வெல்வெட் தொப்பி, அதில் ஒரு இறகு. அது யார் கொடுத்த அன்பளிப்பு என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அரசவை விகடர் மயிலேறி களுக்கென்று சிரித்துவிட்டார்.

"என்ன சிரிப்பு?" என்றார் ராஜா.

"ஒன்றுமில்லை, மகாராஜா. கொம்பனூரிலிருந்து வரப்போவது படையா, எலுமிச்சம்பழமா என்று யோசித்தேன்."

தளவாய்க்கு முகம் சிவந்தது. "அப்படியானால் இவரே தேர்ந்தெடுக்கட்டும், மகாராஜா. தேர்ந்தெடுத்ததைத் தோளில் வைத்துக்கொண்டு போரில் முதல் வரிசையில் இவரே நிற்கட்டும்."

ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்," என்றார்.

மயிலேறி ஓரடி பின்வாங்கினார். தெருவில் வாத்து வந்தாலே ஒதுங்கி வழிவிடுகிற மனிதர் அவர். ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "ஒரு வேண்டுகோள், மகாராஜா. இரண்டு துப்பாக்கிகளும் ஆயுதபூஜை முடியும்வரை நம் சிப்பாய்களிடம் இருக்கட்டும். பிறகு சொல்கிறேன்," என்றார்.

"என் துப்பாக்கி யார் கையிலும் ஜொலிக்கும்," என்றார் பெத்ரோ, மீசையை முறுக்கிக்கொண்டு.

ஜொலிக்கத்தான் செய்தது. சிப்பாய்கள் இரண்டிலும் ஈர வேட்டியைக் காயப்போட்டார்கள். இரு முனையிலும் குடத்தைத் தொங்கவிட்டுத் தண்ணீர் சுமந்தார்கள். புளியம்பழம் அடித்தார்கள். முதுகு சொறிந்துகொண்டார்கள். ஆயுதபூஜை அன்று இரண்டையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார்கள். வெள்ளித் துப்பாக்கி அழகாக இருந்ததால் அதற்குக் கூடுதலாகவே பூசினார்கள். குழலுக்குள் பொரியும் சுண்டலும் படைத்தார்கள்.

மறுநாள் சபை நந்தவனத்தில் கூடியது. பெத்ரோ மருந்து திணித்து, குறிபார்த்து, விசையை இழுத்தார்.

டிக்.

மறுபடியும் டிக். மருந்துக்கு நெருப்புப் போகிற ஊசித் துளையில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. பெத்ரோ துப்பாக்கியைக் கவிழ்த்துத் தட்டினார். மருந்தோடு ஒரு கொண்டைக்கடலை உருண்டு வந்தது.

"என்ன இது?"

"பிரசாதம்," என்றார் மயிலேறி. "கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுங்கள்."

பெத்ரோ கிட்டத்தட்ட அழுதேவிட்டார். "இதைத் தினமும் மெல்லிய துணியால் துடைக்கவேண்டும். ஈரம் படக்கூடாது, தூசி படக்கூடாது. இதற்குப் போய் யாராவது சந்தனம் பூசுவார்களா?"

"பூஜை போடாத ஆயுதத்தை எங்கள் ஊரில் ஒருவனும் தொடமாட்டானே, ஐயா. அது சரி, நீங்கள் விற்பது துப்பாக்கியா, பச்சைக் குழந்தையா?"

அடுத்து மரைக்காயர் எழுந்தார். தம்முடைய துப்பாக்கியைத் தரையில் நாலு இடி இடித்தார். அதன் துளை சுண்டலே நுழையும் அளவுக்குப் பெரியது. சந்தனம் பாளம் பாளமாக உதிர்ந்தது. சுட்டார். நந்தவனமே அதிர்ந்தது. சபை முழுவதும் பொரி மழை பெய்தது. எலுமிச்சம்பழம் இந்தத் தடவையும் அசையவில்லை. புழுக்கம் தாளாமல் தளவாய் கழற்றிக் கிளையில் மாட்டியிருந்த வெல்வெட் தொப்பிதான் காணாமல் போயிற்று.

"சரி, மரைக்காயருடையதையே வாங்குவோம்," என்றார் ராஜா, மடியிலிருந்த பொரியைத் தட்டிவிட்டபடி.

"நமக்கு அதுதான், மகாராஜா. ஆனால் பெத்ரோவை வெறுங்கையோடு அனுப்பவேண்டாம். கொம்பனூருக்கு வழிகாட்டி அனுப்புங்கள். செங்கரட்டூர்த் தளவாயே மெச்சிய துப்பாக்கி என்று சொன்னால் அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்குவார்கள்."

"எதிரிக்கா?" தளவாய் குதித்தார். "இதைச் சொல்ல உமக்குப் பைத்தியமா?"

"முதல் வரிசையில் நிற்கப்போகிறவன் நான், தளவாய். என் கையில் இருப்பது குறி தவறினால் தவறட்டும். எனக்கு எதிரே இருப்பது வெடிக்கக் கூடாது."

"அவர்கள் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தால்?" என்றார் ராஜா.

"பொங்கல் முடிந்துதானே வருகிறார்கள், மகாராஜா? மாட்டுக்கே மஞ்சளும் குங்குமமும் அப்புகிறவர்கள், வெள்ளித் துப்பாக்கியைச் சும்மா விடுவார்களா?"

தை பிறந்து, பொங்கலும் முடிந்தது. கொம்பனூர்ப் படை தோளில் வெள்ளித் துப்பாக்கிகளோடும் சந்தன வாசனையோடும் வந்து அணிவகுத்தது. முதல் வரிசையில் மயிலேறி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். எதிர்வரிசை முழுவதும் டிக், டிக் என்றது. பிறகு நம் பக்கம் வெடித்தது. ஒரு குண்டும் ஒருவர்மேலும் படவில்லை. ஒரு பனைமரம் மட்டும் மட்டையை இழந்தது. சத்தம் போதுமானதாக இருந்தது. கொம்பனூர்க்காரர்கள் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மயிலேறி, என்ன வேண்டுமோ கேள். யானையா, ஊரா?"

மயிலேறி அப்போதுதான் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அடுத்த போரில் கடைசி வரிசை, மகாராஜா."