மலைக்குள்ள ஆயிரம் கன்னுக்குட்டி

ஒரு ஊர்ல ஒரு பசுமாடு. அந்தப் பசுவுக்கு ஒரு கன்னுக்குட்டி. எப்பிடிப்பட்ட கன்னுன்னு கேக்குறியா? பொறு, அதுலதான் கதையே இருக்கு. இன்னிக்கு டீச்சர் நாயைப் பத்தி எழுதச் சொன்னதுக்கு 'நாய் வந்தது, நாய் போனது'ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியாமே! எந்த நாய்டி? எப்பிடி வந்துச்சு? சரி சரி, மூஞ்சியைத் தூக்காத. பெரியம்மா பக்கத்துல ஒட்டிப் படு. ம் கொட்டணும், தெரிஞ்சுதா?

ம்.

அந்தப் பசு இருந்த வீட்டுல சீனியம்மான்னு ஒரு பொண்ணு, உன் வயசுதான். சுறுசுறுப்புன்னா அப்பிடி ஒரு சுறுசுறுப்பு. ஆனா வாயைத் தொறந்தா ஒரு வார்த்தை, மிஞ்சிப்போனா ரெண்டு. அவ அம்மா காய்ச்சல்ல படுத்த படுக்கையாக் கெடந்தா. தாய்ப்பால் வத்திப்போச்சு. தொட்டில்ல ஆறு மாசத் தம்பி. அந்தப் பசு குடுக்குற பால்தான் அவனுக்கு உசுரு.

அப்போ ஒருநாள் காலையில கட்டுத்தறியில பாத்தா, கயிறு மட்டும் கெடக்கு, கன்னைக் காணோம்! கன்னு வாய் வைக்காம பசு மடியில பால் எறங்காதுல்ல? அம்மா தட்டுத் தடுமாறி எந்திரிச்சு வந்து காம்பை இழுத்துப் பாத்தா. ஒரு சொட்டு வரல. தொட்டில்ல அவன் வீல் வீல்னு கத்துறான்.

ஊருக்குப் பின்னாடி ஒரு மலை. அந்த மலைக்குள்ள ஒரு பட்டி இருக்குன்னு சொல்லுவாங்க. பட்டின்னா, வழி தவறுன மாட்டையெல்லாம் புடிச்சு அடைக்கிற எடம். ஊருல இருக்குற பட்டியிலயே சொந்தக்காரங்க போயி அடையாளம் சொன்னாத்தான் அவுத்து விடுவாங்க. மலைக்குள்ள இருக்குற பட்டி இன்னும் பெருசு. உலகத்துல தொலைஞ்ச கன்னெல்லாம் அங்கதான் போயிச் சேருமாம்.

சீனியம்மா விறுவிறுன்னு ஏறினா. உச்சி வரைக்கும் பாறைதான், கதவுமில்ல ஒண்ணுமில்ல. ஒரு பாறையைத் தட்டினா. அந்தப் பாறை எந்திரிச்சு நின்னுச்சு! ஆமாடி, எந்திரிச்சு நின்னுச்சு. பனைமரம் ஒசரம். தோள்ல பாசி, புருவத்துல புல்லு. அவர்தான் பட்டிக்காரர்.

"என்ன வேணும்?"ன்னார். கிடுகிடுன்னு மலையே ஆடுச்சு.

"கன்னு"ன்னா சீனியம்மா.

"மூணு தரம் தொறப்பேன். அதுக்கு மேல கெடையாது. பாத்துப் புடிச்சுக்க."

மலை ரெண்டாப் பொளந்துச்சு. உள்ள, ஆத்தாடி! கண்ணுக்கு எட்டுன தூரம் கன்னு. கருத்த கன்னு, வெளுத்த கன்னு, செவலைக் கன்னு, உடம்பெல்லாம் புள்ளி போட்ட கன்னு. கழுத்து மணியெல்லாம் சேந்து கிணிகிணிகிணின்னு மழை பெய்யிற மாதிரி சத்தம். சீனியம்மாவுக்கு மூச்சே நின்னு போச்சு. எதைப் பாக்குறது, எதை விடுறது? பயத்துல முன்னாடி நின்ன ஒண்ணை லபக்குனு புடிச்சு இழுத்துட்டு வந்துட்டா.

பசு மோந்து பாத்துச்சு. படார்னு ஒரு ஒதை! கன்னு அலறிக்கிட்டு மலையைப் பாத்து ஓடிப்போச்சு. தொட்டில்ல அவன் சத்தம் கொறைஞ்சு ஙேன்னு முனகுறான். தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்புறம் மறுபடி ஓடினா. "என்ன கன்னு?"ன்னு கேட்டார் பட்டிக்காரர். "செவலைக் கன்னு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. குப்புனு ஒரு காத்து! கருத்தது, வெளுத்தது, புள்ளி போட்டது எல்லாம் புகையா மறைஞ்சு போச்சு. ஒரே ஒரு வார்த்தைக்கு! மிச்சம் நின்னது அத்தனையும் செம்மண் நெறம். அப்பவும் முந்நூறு தேறும். சீனியம்மா அதுல ஒண்ணைப் பாத்து, இதுதான்னு அவசரமா இழுத்துட்டு வந்தா.

பசு இந்தத் தரம் ரொம்ப நேரம் மோந்துச்சு. நாக்கைக் கூட நீட்டுச்சு. சீனியம்மா மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. பசு தலையை ஒரு உலுப்பு உலுப்பி அந்தப் பக்கமாத் திரும்பிக்கிச்சு. கன்னும் போச்சு. தொட்டில்ல இப்போ சத்தமே இல்ல, வாயை மட்டும் தொறந்து தொறந்து மூடுறான். அம்மா அவனை எடுத்து மடியில போட்டுக்கிட்டு, "எங்கேன்னு போவேன் சாமி"ன்னு தேம்பித் தேம்பி அழுவுறா.

மூணாவது தரம் சீனியம்மா ஓடல. தடுமாறித்தான் ஏறினா. மலை தொறந்துச்சு, பழையபடி ஆயிரம் கன்னும் நிக்குது. "கடைசித் தரம் புள்ள"ன்னார் பட்டிக்காரர். அவ அப்பிடியே மண்ணுல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டா. தெனம் தண்ணி காட்டுனாளே, கழுத்தைச் சொறிஞ்சு விட்டாளே, அதையெல்லாம் ஒவ்வொண்ணா மனசுல கொண்டாந்து நிறுத்தினா.

"செவலைக் கன்னு"ன்னா. குப்பு! ஆயிரம் முந்நூறாச்சு.

"நெத்தியில சாஞ்ச சுட்டி. வெள்ளைச் சுட்டி." குப்பு! அம்பதாச்சு.

"எடது காது நுனி மடங்குன காது. கழுத்துல தொங்குற சதை மெத்துமெத்துன்னு இருக்கும். நாக்கு சொரசொரன்னு இருக்கும், உள்ளங்கையை அழுத்தி அழுத்தி நக்கும்."

குப்பு, குப்பு, குப்பு! மணிச்சத்தமெல்லாம் அடங்கிப் போச்சு. அவ்வளவு பெரிய மலைக்குள்ள ரெண்டே ரெண்டு மணி மட்டும் கிணி, கிணின்னு கேக்குது. கண்ணைத் தொறந்தா, அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு கன்னு! அதே சுட்டி, அதே காது. எனக்குச் சொல்லும்போதே புல்லரிக்குது பாரு.

"எது உன்னோடது?"ன்னார் அவர்.

சீனியம்மாவுக்குக் கண்ணுல தண்ணி பொங்கிருச்சு. எப்பிடி இருக்கும்னு சொல்ல இனி ஒண்ணும் மிச்சமில்ல. அப்போ சட்டுனு தோணுச்சு, அது எப்பிடி வரும்னு இன்னும் சொல்லலையே!

"நான் கூப்பிட்டா உடனே வராது. மொதல்ல ரெண்டடி தயங்கித் தயங்கி வைக்கும். நின்னு என்னை உத்துப் பாக்கும். நான்தான்னு தெரிஞ்சப்புறம் கோணல்மாணலாத் துள்ளி ஓடியாரும்"னா. சொல்லிட்டு, "பா... பா..."ன்னு கூப்பிட்டா.

ஒரு கன்னு நேரா, பதவிசா, அவ கிட்ட வந்து நின்னுச்சு. கையை மோந்துச்சு, நக்கவும் செஞ்சுச்சு. அதோட கழுத்தைப் புடின்னு மனசு பறக்குது. புடிக்கல. அசையாம நின்னா.

அந்தாண்ட நின்ன கன்னு ஒரு அடி வச்சுச்சு. தயங்குச்சு. இன்னொரு அடி. நின்னு அவளை உத்துப் பாத்துச்சு. அப்புறம் வாலைத் தூக்கிக்கிட்டு தடதடதடன்னு கோணல்மாணலா வந்து ஒரே முட்டு! சீனியம்மா மல்லாக்க விழுந்தா. விழுந்து கெடந்தபடியே அதோட கழுத்தைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. கிட்ட வந்து நின்ன அந்தக் கன்னு புகையாக் கலைஞ்சு போச்சு.

பனைமரம் ஒசரம் இருந்த பட்டிக்காரர் அந்தச் சின்னப் புள்ளைக்கு முன்னாடி மண்டி போட்டுக் குனிஞ்சார். "நான் இம்புட்டுக் காலமாக் காவல் காக்குறேன். ஒரு உசுரை இப்பிடிப் பாத்து வச்சிருந்தவ நீதான் ஆத்தா. கூட்டிட்டுப் போ"ன்னார். மலை மெல்ல மூடிக்கிச்சு.

வீட்டு வாசல்ல கன்னு தலை தெரியுது, அம்புட்டுதான். பசு கயித்தை அத்துக்கிட்டு "ம்ம்மாஆஆ"ன்னு வந்துச்சு. நக்கு நக்குனு நக்குச்சு. கன்னு இன்னும் வாய் வைக்கல, யாரும் கை வைக்கல, அதுக்குள்ள காம்புல இருந்து சொட்டு சொட்டுனு பால் தானா தரையில விழுவுது! அம்மா சொம்பை ஏந்திக்கிட்டு ஓடிவந்தா. சங்குல ஊத்தித் தம்பி வாயில வச்சா. மொதல் மொடக்கு கடைவாயில வழிஞ்சுச்சு. ரெண்டாவதும் வழிஞ்சுச்சு. அம்மா சங்கை மறுபடி சாய்ச்சா. மூணாவது மொடக்கு, களுக்குனு தொண்டையில எறங்குச்சு. அப்புறம் அவன் ரெண்டு கையாலயும் சங்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டான், விடவே இல்ல.

ம்... ம்...

கன்னு ஆத்தாகிட்ட, பால் புள்ளை வயித்துல, என் தங்கம் என் கைக்குள்ள. கதை வீடு வந்து சேந்துருச்சு, நீயும் தூங்கு.