மண் பெட்டியில் மூன்று

மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவு. அதன் பாறைக் கரையில் கர்மேனா அம்மாவின் மடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சீடர் தேறிவிட்டார் என்று தோன்றினால், அம்மா தன் கையால் தைத்த செருப்பை அவருக்குக் கொடுப்பார். அதை மாட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்க் கற்றுத்தர வேண்டியதுதான். அதுவரை வெறுங்கால்.

வென்சுவுக்கு ஆறு வருஷமாக வெறுங்கால். படகோட்டியாக இருந்து, ஐம்பத்தைந்து வயதில் வந்து சேர்ந்தவர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். பின்னால் வந்தவர்கள்கூடச் செருப்போடு கிளம்பியதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது.

போன வருஷம் அம்மா அவரிடம் ஒரு மண் பெட்டியைக் கொடுத்திருந்தார். அதில் பத்துப் புழுக்கள். கறுப்பு உடம்பில் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டு வைத்தவை. பால் வடியும் கடலோரக் கள்ளியைத் தவிர வேறெதையும் அவை சீண்டவில்லை. வென்சு தினமும் பறித்துப் போட்டார். கள்ளிப்பால் பட்டுக் கை வெந்தது. தின்று கொழுத்த புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆயின.

இந்த வசந்தத்தில் ஏழு அந்துப்பூச்சிகள் வெளியே வந்தன. பூவில் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடியே நீள நாக்கை நீட்டித் தேன் குடித்தன. வென்சு வாய்விட்டுச் சிரித்தார். மீதி மூன்று வரவில்லை.

அப்புறம் வெயில் கொளுத்தியது. கள்ளி கருகிப்போனது. அந்த ஏழும் இட்ட முட்டைகளில் பொரித்த புழுக்கள், தின்ன இலையில்லாமல் ஒன்று விடாமல் செத்தன.

ஒரு காலை வென்சு மூட்டையோடு வந்து நின்றார்.

"நான் கிளம்புறேம்மா. பத்து மணிக்குப் படகு."

"ஏன்?"

"என்னோட வந்த எல்லாருக்கும் செருப்பு கொடுத்துட்டீங்க. எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறலைன்னுதானே அர்த்தம்?"

"அந்த மண் பெட்டி?"

"மூணும் செத்துப்போச்சு. கொட்டிட்டுப் போறேன்."

"கொட்டுங்க."

கொட்டினார். மண்ணுக்குள் பழுப்பாக மூன்று கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தார். அதன் வால் துடித்தது. வென்சு அரண்டுபோய்க் கீழே போடப் பார்த்தார்.

"அம்மா! உயிரோட இருக்கு!"

"இருக்கும்."

"ஒரே இலை, ஒரே மண்ணு. அதுங்க வந்தப்போ இதுங்க ஏன் வரலை?"

"இதுங்களும் வந்திருந்தா?"

வென்சு கருகிக் கிடந்த கரையைப் பார்த்தார்.

பிறகு மூன்றையும் பெட்டிக்குள் வைத்து, மண்ணைப் பொடித்துத் தூவி மூடினார். மனசு லேசாக இருந்தது. துறையில் படகு ஊதியது. அவர் எழுந்திருக்கவில்லை.

"எப்போ வரும்மா?"

"கள்ளி துளிர்க்கட்டும்" என்றார் கர்மேனா அம்மா. "உங்க செருப்பை நான் தைச்சு வச்சு மூணு வருஷமாச்சு."