வெட்டு விழாத பூ

கிட்ட வந்து உட்காருங்க. வாசல் பக்கம் நிற்கிறவங்களும் உள்ளே வரலாம், இடம் இருக்கு. நான் சத்தம் போட்டுச் சொல்கிற ஆள் இல்லை.

திண்டுக்கல்லில் இருதயராஜ் என்று ஒருவர். லாரிக்கு நம்பர் எழுதுகிற தொழில். எழுத்தைத் தகரத்தில் வெட்டி வைத்திருப்பார். வண்டி மேல் அழுத்திப் பெயிண்டை ஒற்றினால் நம்பர் பதிந்துவிடும். முப்பது வருஷம் இதே வேலை. அவர் எழுதிய நம்பர் காஷ்மீர் வரைக்கும் போய் வந்திருக்கிறது. எழுதியவர் பேர் லாரி ஓனருக்கே தெரியாது.

ஐம்பத்தாறு வயதில் அவருக்குச் சேலையில் பூப்போட ஆசை வந்தது. ஆவுடையம்மாளிடம் போய் நின்றார். அந்த அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. தகடு வெட்டித் துணியில் சாயம் ஒற்றுவதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"என்னைச் சிஷ்யனா சேர்த்துக்குங்கம்மா."

"அண்ணே, உங்க கடைசித் தங்கச்சி வயசு எனக்கு."

"என் தங்கச்சிக்கு இந்த வேலை தெரியாதேம்மா."

அந்த அம்மா சிரித்துவிட்டார். சேர்த்துக்கொண்டார்.

ஆவுடையம்மாளுக்கு ஒரு வழக்கம். பிளேடை எடுக்கும் முன்னால் ஒரு பேர் சொல்வார். "பழைய எக்ஸ்ரே பிலிம்ல தகடு வெட்டலாம்னு எனக்குச் சொன்னது சின்னாளபட்டி நவநீதம் அக்கா." அப்புறம்தான் வெட்டுவார். "சாயத்தை இழுக்காதே, ஒத்துன்னு சொன்னது பரமக்குடி காசிம் பாய்." அப்புறம்தான் ஸ்பாஞ்சைத் தொடுவார். தினமும் இதே பாட்டு. இருதயராஜுக்கு அலுப்பாக வரும்.

"பேரெல்லாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சாயம் காஞ்சிரும்மா."

"காஞ்சா இன்னும் கொஞ்சம் கலக்கிக்கலாம்ணே."

தகட்டு வேலையில் ஒரு தொந்தரவு உண்டு. பூவுக்கு நடுவில் ஒரு வட்டம் வேண்டும் என்று வையுங்கள். சுற்றி வெட்டினால் வட்டம் கழன்று கையோடு வந்துவிடும். அதனால் நாலு பக்கமும் மெல்லிசாகப் பட்டை விட்டு வெட்டுவார்கள். பிடி என்று பேர். பிடி இருக்கிற இடத்தில் சாயம் இறங்காது. துணியில் பார்த்தால் பூ நாலு இடத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். ஆவுடையம்மாள் போடுகிற பூவிலும் அந்த வெட்டு உண்டு.

ஒரு நாள் காலையில் இருதயராஜ் வீட்டில் உட்கார்ந்து பூ ஒற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி செல்வமேரி தலை சீவிக்கொண்டிருந்தார். முழங்காலைத் தொடுகிற முடி. அதில் ஒன்று பறந்து வந்து தகட்டில் விழுந்தது.

"ஏ மேரி! சாயத்துல முடி!"

"சாயத்துலதானே விழுந்துச்சு? சோத்துல விழுந்த மாதிரி கத்துறீங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஒற்றி முடித்துத் தகட்டைத் தூக்கினார். முடி ஒரு இதழின் குறுக்கே கிடந்தது. துணியில் அதன் தடமே இல்லை. சாயம் முடிக்கு அடியில் புகுந்து இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது.

மனுஷன் அன்று பழையசோறு கூடச் சாப்பிடவில்லை. ஒரே பூவைப் பிடியோடு இரண்டு பிலிமில் வெட்டினார். நடுவில் முடியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து வைத்து, லாரிக்குப் பூசுகிற வார்னிஷை இட்டு, இரண்டையும் ஒட்டினார். முடி செல்வமேரியுடையது. இருதயராஜ் தலையில் ஏது? வெயில் பட்டால் மினுங்கும். வார்னிஷ் காய்கிற வரைக்கும் முடியின் நுனியை விரலால் இழுத்துப் பிடித்திருந்ததும் செல்வமேரிதான்.

"பார்த்துப் பிடுங்குங்க, வலிக்குது."

"பேசாம இரு. கை ஆடுது."

காய்ந்ததும் பிடிகளை நறுக்கி எறிந்தார். வட்டம் கழன்று விழவில்லை, முடியில் நின்றது. சேலையில் பூ முழுசாகப் பதிந்தது.

அந்த மாதம் ஊரில் துணிக் கண்காட்சி. மூன்று நாள், நாற்பது கடை. வாசலில் நீளமாக ஒரு வெள்ளைத் துணி கட்டுவார்கள். புது முறை கொண்டுவந்து எல்லாருக்கும் செய்து காட்டுகிறவர் பேரை அதில் ஒற்றி வைப்பார்கள். வருஷா வருஷம் அதே துணிதான் தொங்கும்.

இருதயராஜும் ஒரு கடை போட்டிருந்தார். முதல் நாளே அவர் சேலையைச் சுற்றிக் கூட்டம். "வெட்டே இல்லையே, எப்படிண்ணே?" என்று கேட்காத ஆள் இல்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் ஆவுடையம்மாள் கடைக்குப் போனார்.

"அம்மா, வாசல் துணியில என் பேரு வரணும்."

"வரட்டுமே."

"செஞ்சு காட்டினாத்தான் வரும்."

"காட்டுங்க."

"காட்டினா நாப்பது கடையிலயும் செஞ்சிருவாங்க. அப்புறம் என் பேரை எவன் சொல்லுவான்? லாரி நம்பர் கதைதான். காட்டலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

ஆவுடையம்மாள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குக் கத்துக்கொடுங்கண்ணே."

"நானா? உங்களுக்கா?"

"எனக்கு இது தெரியாதே."

குரு கேட்டால் மறுக்க முடியுமா? சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மா தன் கூந்தலிலிருந்து முடி எடுத்துச் செய்தார். இரண்டு தகடு வீணாகப் போயிற்று.

"இழுத்துப் பிடிங்கம்மா, தொங்குது பாருங்க!" அதட்டியே விட்டார். அப்புறம்தான் யாரை அதட்டினோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆவுடையம்மாள் தலையாட்டிவிட்டு இழுத்துப் பிடித்தார். மூன்றாவது தகடு சரியாக வந்தது.

"கத்துக்கிட்டதை நான் என்ன செய்யட்டும்ணே?"

"உங்க இஷ்டம்மா," என்றார் மரியாதைக்கு.

மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால் ஆவுடையம்மாள் கடையில் ஊசி குத்த இடமில்லை. நடுவில் அந்த அம்மா பிலிமும் வார்னிஷுமாக உட்கார்ந்திருந்தார். நேற்று முழுக்க இதே கூத்துதானாம். நேற்று இருதயராஜ் கடையைத் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

இருதயராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். "என்னம்மா, கவுத்துட்டீங்களே!"

"கடை கடையா ஒரு நடை போய்ட்டு வாங்க," என்றார் ஆவுடையம்மாள்.

போனார். முதல் கடையில் ஒரு பெண் பிளேடை எடுக்கும் முன்னால் சொன்னாள்: "பிடிக்குப் பதிலா முடி வைக்கச் சொன்னது இருதயராஜ் அண்ணன்." அப்புறம்தான் வெட்டினாள். அடுத்த கடையிலும் அதே. அதற்கடுத்த கடையில், "லாரி அண்ணன் சொன்னது." பேர் சொல்லாமல் ஒருவரும் பிளேடைத் தொடவில்லை. ஆவுடையம்மாள் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்.

இருதயராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நடை கொஞ்சம் மிடுக்காயிற்று. வாசலுக்குப் போய் வெள்ளைத் துணியைப் பார்த்தார். "முடி வைக்கும் முறை: இருதயராஜ்." ஒற்றி வைத்துவிட்டார்கள். நேற்று செய்து காட்டிய ஆவுடையம்மாள் சொன்ன பேர் அதுதானே. இரண்டு தரம் படித்தார்.

திரும்பி வரும்போது கடைசிக் கடையில் இரண்டு பெண்கள்.

"யாருக்கா அந்த இருதயராஜ்?"

"அந்தா வர்றாருல்ல, வழுக்கைத் தலை, அவருதான்."

"அவரா? அப்ப முடி யாருதாம்?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருதயராஜும் சிரித்தார். நாலு அடி வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஆவுடையம்மாள் கேட்டார். "பேரு காதுல விழுந்துச்சாண்ணே?"

"நல்லா விழுந்துச்சும்மா."

"துணியில?"

"வந்துருச்சு."

"பின்ன ஏன் முகம் இப்படி இருக்கு?"

"ஒரு பொண்ணு கேக்குது, முடி யாருதுன்னு."

ஆவுடையம்மாள் புதுப் பிலிம் இரண்டை எடுத்தார். பிளேடையும் அதன்மேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் கேக்கலாம்னுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு முந்திக்கிச்சு. துணியில உங்க பேருக்கு மேல இடம் கிடக்குண்ணே."

இருதயராஜ் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார். பூ இல்லை, எழுத்து. லாரிக்கு எழுதும்போது எழுத்தின் சுழிக்குச் சுழி பிடி விட்டு வெட்டிய கை அது. இப்போது ஒரு சுழியிலும் பிடி மிஞ்சப்போவதில்லை. முடியை இழுத்துப் பிடிக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் செல்வமேரியைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தார்.

"உலை வச்சதை இறக்கிட்டு வந்திருக்கேன். என்ன அவசரம்?"

"ஒரு முடி குடு. நுனியைப் பிடி."

செல்வமேரி குனிந்து பிடித்தார். இருதயராஜ் வார்னிஷைத் தடவினார். அப்போதுதான் செல்வமேரி பிலிமில் இருந்த எழுத்தை செ, ல், வ என்று ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசி எழுத்துக்கு வந்ததும் வெடுக்கென்று கையை எடுக்கப் பார்த்தார்.

"ஆடாமப் பிடி மேரி," என்றார் இருதயராஜ். "இன்னும் காயல."