இடது பாதி

சாலிகிராமத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார் வேதரத்தினம். வயது ஐம்பத்து மூன்று. அடுத்தவர்கள் எழுதிய திரைக்கதைகளை இருபது வருடமாக டைப் அடித்து, பிரதி எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தே பழகியவர். ஒரு நாள் தானும் ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது.

குருவாக அவர் பிடித்துக்கொண்டது மெஹருன்னிசாவை. அவளுக்கு வயது முப்பத்தாறு. மூன்று சின்னப் படங்களை எழுதி, தானே இயக்கியும் இருந்தாள். மூன்றிலும் கூட்டம் கிடையாது, சண்டை கிடையாது, வெளியூர் கிடையாது. சிஷ்யர் குருவை மேடம் என்றார். குரு சிஷ்யரை அண்ணே என்றாள். இதில் இருவருக்கும் கூச்சம் எதுவும் இல்லை.

"எழுதக் கத்துக்குடுங்க மேடம்."

"உங்க வீட்டுல என்னென்ன இருக்கு அண்ணே?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு ரூம். சமையக்கட்டு. பின்கட்டுல பாத்ரூம். மொட்டைமாடியில தண்ணித் தொட்டி. அப்புறம் நானு, என் சம்சாரம்."

"அதை வச்சு எழுதுங்க. அதுல இல்லாதது எதுவும் நம்ம படத்துல வரக்கூடாது. எழுதி முடிங்க, நானே எடுக்குறேன்."

முதல் பாடம் அவ்வளவுதான். இரண்டாவது பாடம் என்று ஒன்று தேவைப்படாது என்றே வேதரத்தினம் நினைத்தார்.

அவருடைய மனைவி தவமணி கல்யாணத்துக்கு முன் சபா நாடகங்களில் நடித்தவள். பத்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் பாத்ரூமில் விழுந்துவிட்டாள். மூளையில் ரத்த அடைப்பு. உயிர் பிழைத்தது, ஒரு கை மட்டும் சரியாக மடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கையும் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

படத்தில் நடிக்கிறாயா என்று கேட்டபோது அவள் கையைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். "இருக்குறதை வச்சுத்தானே எடுக்குறாங்க? இதுவும் இருக்கட்டும்."

நான்கு மாதத்தில் அறுபத்தோரு சீன் எழுதி முடித்தார். திங்கட்கிழமை படப்பிடிப்பு என்று முடிவானது. கணவனாக அவரே, மனைவியாகத் தவமணி. வெள்ளிக்கிழமை காலை மெஹர் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

சினிமாத் தொழிலில் திரைக்கதைத் தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிப்பது வழக்கம். இடது பாதியில் கண்ணுக்குத் தெரிவது, வலது பாதியில் காதில் விழுவது. வேதரத்தினம் அடுத்தவர்களுக்காக அந்தக் கோட்டை எத்தனையோ ஆயிரம் தாளில் போட்டிருக்கிறார். தன்னுடைய தாளிலும் பிசகாமல் போட்டிருந்தார்.

முப்பத்து ஏழாவது சீனில் மெஹர் நின்றாள். வீட்டுக்காரி பாத்ரூமில் இருக்கிறாள், கண்ணாடியில் ஒரு பேய் தெரிகிறது, அவள் அலறி விழுகிறாள். இடது பாதி முழுக்கப் பேய்.

"அண்ணே, உங்க வீட்டுல பேய் இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப இது எப்படி உள்ள வந்துச்சு?"

"பயப்படுற படமாச்சே. பேய் இல்லாம ஜனங்க எப்படிப் பயப்படுவாங்க?"

"பேய்னா மேக்கப் வேணும், கிராபிக்ஸ் வேணும். நமக்குக் கட்டுப்படியாகாது."

அவள் பேனாவை எடுத்து இடது பாதியை மேலிருந்து கீழே அடித்தாள். பேய் போயிற்று. பிறகு வலது பாதியை வாய்விட்டுப் படித்தாள்.

"மோட்டார் ஓடும் சத்தம். வாளி உருண்டு நிற்கும் சத்தம், மங்கலாக. 'என்னங்க.' சற்று விட்டு, 'என்னங்க.' மூன்றாவது முறை பாதியோடு நின்றுபோகிறது. தொட்டி நிரம்பி, சன்ஷேடில் தண்ணீர் கொட்டும் சத்தம். நெடுநேரம்."

ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். கடையில் ஜெராக்ஸ் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது ரொம்ப நல்லா இருக்கு அண்ணே. ஒரு சந்தேகம். வாளி உருளுற சத்தம் ஏன் மங்கலாக் கேக்குது?"

"கதவு சாத்தியிருக்குல்ல."

"அவ உள்ளதானே இருக்கா? வாளி அவ காதுகிட்ட உருளுது. அவளுக்கு இடி மாதிரி கேக்கணும்."

பயம் வந்தால் வேதரத்தினத்தின் கால் பெருவிரல்கள் இரண்டும் உள்ளே மடங்கிக்கொள்ளும். சின்ன வயதுப் பழக்கம். மேஜைக்கு அடியில் இப்போது அவை மடங்கின.

"இது வெளிய நிக்கிறவங்க காதுல விழுற சத்தம்" என்றாள் மெஹர். "ஆனா சீன்ல வெளிய யாருமே இல்லையே."

மெஷின் கடைசித் தாளைத் தள்ளிவிட்டு நின்றது. வேதரத்தினம் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"தாழ்ப்பாள் போடல மேடம். தள்ளினா தொறந்துக்குற கதவுதான்."

மெஹர் தாளைக் கீழே வைத்தாள்.

"மோட்டாரைப் போட்டுட்டுத் திரும்புறேன், அவ விழுந்த சத்தம் கேக்குது. ஓடினேன். கதவுகிட்ட போயிட்டேன். கூப்புட்டா. மூணு தடவை கூப்புட்டா. அதுக்கப்புறம் சத்தமே இல்ல. செத்துக்கிடந்தா எப்படிப் பாக்குறதுன்னு ஒரு பயம். கதவைத் தள்ளக் கை வரல மேடம். தொட்டி ரொம்பி வழியிற வரைக்கும் அங்கேயே நின்னேன். எதுத்த வீட்டுக்காரர் தண்ணி வழியுதுன்னு கத்தினாரு. அப்பத்தான் கதவைத் தள்ளினேன்."

"அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"மொட்டைமாடியில தொட்டியப் பாத்துக்கிட்டு இருந்தேன், காதுல விழலன்னு சொன்னேன்."

பதினான்கு மாதமாக அந்தப் பொய்யோடு அவர் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே கூரைக்கடியில் தூங்கி எழுந்திருக்கிறார். அவளுக்கு ரவிக்கைக் கொக்கியோ வேறு எதுவோ மாட்ட வராவிட்டால் ஓடிப் போய் மாட்டிவிட்டிருக்கிறார். சொல்லிவிடலாம் என்று ஒரு நாளும் தைரியம் வரவில்லை.

"இடது பாதிய எழுதினா அவ படிப்பா" என்றார்.

"படிப்பாங்க."

"எழுதலைன்னா படம் இல்ல."

"இல்ல."

"படிச்சா என்ன ஆகும் மேடம்? கை போனது என்னாலதான்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் என் முகத்துல முழிப்பாளா?"

"எனக்குத் தெரியாது அண்ணே."

"நீங்க இப்படிச் சொன்னா நான் யாரைப் போய்க் கேப்பேன்?"

மெஹர் பேனாவை மூடினாள். "நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்கு வர்றேன். இந்த ஒரு சீன் மட்டும் ரிகர்சல். நீங்க என்கிட்ட சொன்னது எதுவும் என் வாயிலருந்து வராது. வேணாம்னு தோணுனா இப்பவே சொல்லுங்க. படத்தையே விட்டுடலாம், எனக்கு வருத்தமில்ல."

வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். ஒரு வாரமாக வீட்டில் தவமணி வசனத்தாளை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துப் பாடம் பண்ணிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. விழுந்த பிறகு அவள் எதற்காகவும் இவ்வளவு ஆசைப்பட்டு அவர் பார்த்ததில்லை.

"வாங்க" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தவமணி தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். மெஹர் வந்ததும் டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் முழுக்க அடிச்சிருக்கே மெஹரு?"

"அதைப் புதுசா இன்னிக்குத்தான் எழுதணும் அக்கா."

தவமணி கணவரைப் பார்த்தாள். அவர் காலண்டரைப் பார்த்தார்.

பாத்ரூம் தரையில் அவளே ஒரு பழைய பெட்ஷீட்டை மடித்து விரித்தாள். "விழுந்து காட்டட்டுமா?"

"ஐயோ வேணாங்க்கா. படுத்துக்குங்க போதும். வாளியைக் காலால தள்ளி விடுங்க. அப்புறம் எழுதியிருக்குறபடி கூப்புடுங்க."

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் போடவில்லை. மெஹர் சுவரில் இருந்த மோட்டார் சுவிட்சைத் தட்டினாள். பிறகு எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இந்தச் சத்தமெல்லாம் எங்க நின்னா இப்படிக் கேக்குமோ, அங்க போய் நில்லுங்க."

பாத்ரூமுக்குப் பக்கத்திலேயே மாடிப்படி இருந்தது. வேதரத்தினம் படியைப் பார்த்தார். மேலே போய் நின்றுவிட்டால் சொன்ன பொய் சொன்னபடியே இருந்துவிடும். மெஹரும் வாய் திறக்க மாட்டாள். இடது பாதியில் மொட்டைமாடி, தொட்டி, வானம். திங்கட்கிழமை படப்பிடிப்பு. எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

அவர் முதல் படியில் ஒரு காலை வைத்தார்.

உள்ளே வாளி உருண்டது. மங்கலாக.

படியில் வைத்த கால் தானாகக் கீழே இறங்கியது. அவர் நடந்து வந்து கதவுக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார். அன்றைக்கு நின்ற அதே இடம். தரையில் உடைந்த மொசைக் துண்டு அன்று போலவே பாதத்தில் உறுத்தியது.

"என்னங்க."

நல்ல நடிகை அவள். அந்தக் குரலில் நடிப்பே இல்லை.

"என்னங்க."

பூ வைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனவள்தான், உயிரோடுதான் இருக்கிறாள் என்று அவருடைய புத்திக்குத் தெரிந்தது. உடம்பு அதை நம்ப மறுத்தது.

"என்ன..."

மூன்றாவது பாதியோடு நின்றது. அதற்குப் பிறகு மோட்டார் மட்டும் ஓடியது. தண்ணீர் வழிவதற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். யாரும் போதும் என்று சொல்லவில்லை.

சன்ஷேடில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

மெஹர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "அக்கா, அப்படியே படுத்திருங்க. இடது பாதிய எழுதணும். அங்கேருந்து என்ன தெரியுது?"

உள்ளேயிருந்து தவமணி சொன்னாள்.

"வாளி தெரியுது. சோப்பு டப்பா."

மெஹர் எழுதினாள். "அப்புறம்?"

"கதவுக்கு அடியில ரெண்டு விரக்கடை சந்து."

"அதுல ஏதாவது தெரியுதா?"

"ரெண்டு கால் தெரியுது."

வேதரத்தினம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவற்றை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று தோன்றியது. எடுக்க முடியவில்லை.

"கால் எப்படி இருக்குக்கா?"

"பெருவிரல் ரெண்டும் உள்ள மடங்கியிருக்கு. ரொம்பப் பயந்துட்டா அவருக்கு அப்படித்தான் மடங்கும். பாவமா இருந்துச்சு."

மெஹரின் பேனா நின்றது.

"இப்பத் தெரியுறதையா சொல்றீங்க, அக்கா?"

கதவுக்கு அந்தப் பக்கம் தவமணி பெருமூச்சு விட்டது கேட்டது.

"இப்பவும்தான்" என்றாள்.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எதிர் வீட்டிலிருந்து இன்று யாரும் கத்தவில்லை. வேதரத்தினத்தின் முகம் நனைந்து போயிருந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் அவர் குருவின் பக்கம் திரும்பினார்.

"இதுக்கப்புறம் நான் என்ன எழுதணும் மேடம்?"

மெஹர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எழுதுறதெல்லாம் அப்புறம் அண்ணே. அக்கா இன்னும் உள்ளதான் படுத்திருக்காங்க."