வலக்குழிக் காசும் இடக்குழிக் காசும்

வாசுகி டீச்சரிடம் பழைய காசில் அசல், போலி பார்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் பாடம் ஒரு மரப்பெட்டி.

பெட்டிக்குள் பச்சை வெல்வெட் துணி. அதில் இரண்டு குழிகள். இரண்டிலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் 1939ஆம் வருடத்து வெள்ளி ரூபாய்கள். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா, மறுபக்கம் வருடம்.

"வலது மெய், இடது பொய். ஏன்னு நீங்களே கண்டுபிடிங்க" என்பார் டீச்சர்.

அந்த வருடத்து ரூபாய் லேசில் யார் கையிலும் அகப்படாது. அகப்படாத பொருளுக்குத்தானே போலியும் அதிகம்? முந்தைய வருடத்துக் காசை எடுத்து, கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிவிடுவார்கள். வெள்ளி அதே வெள்ளி, எடை அதே எடை, சுண்டினால் ஓசையும் அதேதான். அந்த ஒன்பதின் வாலில்தான் திருட்டு பிடிபடும். வலக்குழிக் காசில் வால் குட்டையாக, அளவாக வளைந்திருக்கும். இடக்குழிக் காசில் கொஞ்சம் தடித்து நீண்டிருக்கும். இதைக் கண்டுபிடித்தவருக்கு டீச்சர் காபி கொடுப்பார். கண்டுபிடிக்காதவருக்கும் காபி உண்டு, சிரிப்புதான் கிடைக்காது.

டீச்சருக்கு நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். வாரம் முழுக்க ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டு மாடி அறையில் காசுப் பாடம். வலக்குழிக் காசு அவருடைய குரு கண்மூடும் முன் அவர் கையில் கொடுத்தது. இடக்குழிக் காசு அவருடைய சீடர் நாச்சிமுத்து கொடுத்தது.

இந்தச் சீடர் டீச்சரை விட நன்றாக மூத்தவர். மஞ்சள் மண்டிக்காரர். ஒரு விரலி மஞ்சளை ஒடித்து, உள்நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாயைத் திறந்து விலை சொல்ல மாட்டார். மண்டியில் தன்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று பெருமையடித்துக்கொள்வார். ஏமாந்தது வீட்டில்தான் என்று அதோடு சேர்த்தும் சொல்வார்.

அந்த ஏமாந்த கதை இதுதான். ஏழு வருடத்துக்கு முன் அவருடைய அப்பா போய்ச் சேர்ந்தார். தன் வெள்ளி ரூபாய் இளையவனுக்குத்தான் என்று அவர் எல்லார் காதும் கேட்கச் சொல்லியிருந்தார். காசு அதுவரை சங்ககிரியில், மூத்தவர் செங்கோடன் வீட்டு பீரோவில் இருந்தது. கருமாதி முடிந்த மறுநாள் செங்கோடன் அதை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து தம்பி கையில் கொடுத்தார். நாச்சிமுத்து முடிச்சைக்கூட அவிழ்க்காமல் டீச்சர் வீட்டு மாடியேறினார்.

டீச்சர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். தன் குருவின் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்து, மறுபடியும் பார்த்தார். அவ்வளவு நேரமும் நாச்சிமுத்து, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்து நிற்கிற பையன் மாதிரி, டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எட்டு, சார். யாரோ ஒன்பதாக்கியிருக்காங்க."

அன்று சாயந்திரமே நாச்சிமுத்து சங்ககிரிக்கு பஸ் ஏறினார். செங்கோடனின் லாரி ஆபீஸில் டிரைவர்கள் நின்றுகொண்டிருக்க, அத்தனை பேர் முன்னாலும் அண்ணனைத் திருடன் என்றார். அசலை அமுக்கிக்கொண்டு போலியைத் தம்பி தலையில் கட்டிவிட்டாயே என்று கத்தினார். செங்கோடன் சாமி படத்துக்கு முன்னால் ஒரு கட்டி கற்பூரத்தை ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்.

"கற்பூரத்துக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு நாச்சிமுத்து திரும்பி வந்தார்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்தது. போலியை டீச்சரின் பெட்டியில் போட்டுவிட்டு, இனி எவனிடமும் ஏமாறக்கூடாது என்று அவரிடமே பாடம் கேட்க உட்கார்ந்தார். ஆனால் அந்த இடக்குழியை மட்டும் அவர் ஒருநாளும் தொட்டதில்லை. மற்றவர்கள் அதை எடுத்துப் பார்க்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்த்தால் வயிறு எரிகிறது என்பார்.

இப்படி இருக்கையில், செங்கோடன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெரியவர் தாமே பத்திரிகையை எடுத்துக்கொண்டு மஞ்சள் மண்டி வாசல்வரை வந்திருக்கிறார். உள்ளே வரக் கூச்சப்பட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாச்சிமுத்துவின் மனைவி இரண்டு நாளாகப் போகலாம் போகலாம் என்று நச்சரித்தாள். மூன்றாம் நாள் அவர் போகத்தான் போவதாகச் சொல்லிவிட்டு, நேரே டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், என்ற காசைக் கிரேடிங்குக்கு அனுப்போணும்ங்க."

"எதுக்கு சார்? பொய்னு தெரிஞ்ச காசுதானே?"

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். என்ற அண்ணனுக்கு எழுத்துல காட்டோணும். அந்தச் சீட்டையும் காசையும் மொய்க் கவர்ல போட்டு, மண்டபத்துல அத்தனை பேர் முன்னாடி அவன் கையில கொடுக்கப் போறேன்."

டீச்சர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"கல்யாணப் பொண்ணு என்ன சார் பண்ணுச்சு?"

நாச்சிமுத்து வலக்குழியைச் சுட்டிக் காட்டினார். "உங்க காசும் கூடப் போகட்டும்ங்க. அசல் எது, போலி எதுன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினாத்தான் அவனுக்கு உறைக்கும்" என்றார்.

இருவரும் அதுவரை ஒரு காசைக்கூடக் கிரேடிங்குக்கு அனுப்பியதில்லை. மும்பையில் அதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறது. முதலில் காசு அசலா என்று பார்ப்பார்கள். அசல் என்றால், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுபதுக்கு மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடி அனுப்புவார்கள். போலி என்றால் கூடு கிடையாது. போன மெல்லிய உறையிலேயே ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வரும்.

"என் கண்ணுக்கு மேல இன்னொரு கண்ணு வேணுமான்னு நினைச்சு இதுநாள் வரைக்கும் அனுப்பல" என்றார் டீச்சர். "சரி, போகட்டும்."

அனுப்புகிற அன்று நாச்சிமுத்து ஒரு பொட்டலம் விபூதியோடு வந்தார்.

"உங்க காசு கறுத்துக் கிடக்குதுங்க. விபூதி போட்டு ஒரு தேய் தேய்ச்சா மார்க் ஏறுமில்லீங்க?"

"இருக்கிற மார்க்கும் இறங்கிடும். கையை எடுங்க சார்."

விபூதியை வீணாக்க மனமில்லாமல் நாச்சிமுத்து அதை நெற்றியில் இட்டுக்கொண்டார். டீச்சர் காசுகளை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் நழுவவிட்டார். வலக்குழிக் காசின் உறைமேல் ஒன்று என்றும், இடக்குழிக் காசின் உறைமேல் இரண்டு என்றும் எழுதினார். நாச்சிமுத்து அப்போதும் இரண்டாவதின் பக்கம் திரும்பவில்லை. மும்முரமாக அட்டைப் பெட்டிக்கு டேப் கிழித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பார்சல் வந்தது. மொய்க் கவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நாச்சிமுத்து மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். டீச்சர் கத்தரிக்கோலால் பார்சலை வெட்டினார். உள்ளே ஒரு கெட்டிக் கூடும் ஒரு மெல்லிய உறையும் இருந்தன.

"சொன்னேன்ல! ஒண்ணு கூடு, ஒண்ணு சீட்டு!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு மெல்லிய உறையை எடுக்கக் கை நீட்டினார் நாச்சிமுத்து.

நீட்டிய கை பாதியில் நின்றது. அந்த உறையின்மேல் டீச்சரின் கையெழுத்தில் ஒன்று என்று இருந்தது. உள்ளே இருந்த சீட்டில், கடைசி எண் திருத்தப்பட்டது, அசல் அல்ல என்று அச்சடித்திருந்தது. கூட்டின்மேல் எண் இரண்டு. வருடம் 1939, அசல், மார்க் ஐம்பத்து மூன்று.

இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

"மாத்திப் போட்டுட்டானுங்க!" என்று நாச்சிமுத்து அலறினார். "இவனுங்க எல்லாம் ஒரு கம்பெனியா? அடுத்த வண்டியைப் பிடிச்சு மும்பைக்கே போறேன்!"

டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "என் குரு கொடுத்த காசு சார், அது" என்றார்.

பிறகு அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாறியிருந்தாலும் மாறியிருக்கலாம். பார்த்துடுவோம். உங்க அப்பா காசுக்கு ஏதாவது அடையாளம் உண்டா?"

"அப்பாவோட அசல் காசுக்கா? ஏன் இல்லாம? ராஜா கன்னத்துல ஒரு கீறல் இருக்கும்ங்க. சின்ன வயசுல நானும் அண்ணனும் அதுக்காகக் கட்டிப் புரண்டோம். நான் பிடுங்கி விட்டதுல அம்மிக்கல்லு மேல போய் விழுந்துச்சு. கீழ போட்டது நான். அப்பாகிட்ட அடி வாங்கினது அண்ணன். நான்தான் போட்டேன்னு அவன் கடைசிவரைக்கும் சொல்லல." சொல்லிவிட்டு நாச்சிமுத்து உதட்டைப் பிதுக்கினார். "அந்தக் காசு இப்ப அவன் பீரோவுல இருக்குது. இந்த ரெண்டுலயும் கீறலைத் தேடினா எங்கிருந்து வரும்?"

டீச்சர் லென்ஸை அவர் பக்கம் தள்ளினார்.

"பாருங்க."

மெல்லிய உறையில் இருந்த காசைப் பார்த்தார். ராஜாவின் கன்னம் வழவழவென்று இருந்தது.

"இல்லீங்க. நான்தான் சொன்னேனே."

"இதையும்."

நாச்சிமுத்து கூட்டின்மேல் குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்தார். கண்ணுக்குக் கீழே தொடங்கி உதட்டோரம் வரை மெல்லிசாக ஒரு கோடு. பிளாஸ்டிக்கில்தான் கீறல் விழுந்திருக்கும் என்று வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தார். கோடு போகவில்லை. கூட்டைச் சாய்த்துப் பார்த்தார், ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். கோடு காசின்மேல்தான் இருந்தது.

சட்டைப் பையிலிருந்த மொய்க் கவர் நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அண்ணன் மாத்தவே இல்லீங்க" என்றார். "அப்பா காசையேதான் கொடுத்திருக்கான்."

டீச்சர் அவர் கையிலிருந்த லென்ஸை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"கற்பூரத்தை வெறுங்கையால அணைச்சான் டீச்சர். உள்ளங்கை வெந்து போச்சு. நான் பார்த்துக்கிட்டே நின்னேன்." அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் கோபம் வந்தது. கோபம் எப்போதும் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் பாயும்.

"ஏழு வருசம், டீச்சர்! உங்க ஒத்த வார்த்தையை நம்பி என்ற கூடப்பிறந்தவனைத் திருடன்னு சொன்னேன். அண்ணி செத்ததுக்குக்கூட நான் போகல. நீங்க இப்படிப் பண்ணலாமா?"

டீச்சர் மெல்லிய உறையைப் பிரித்தார். தன் குருவின் காசை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். அதை இடக்குழியில் வைத்தார். வலக்குழி காலியாகக் கிடந்தது.

"தப்பு என்னோடதுதான் சார்" என்றார். "உங்க காசைச் சந்தேகப்பட்டு லென்ஸ் வெச்சேன். என் காசை ஒருநாளும் சந்தேகப்பட்டுப் பார்க்கல. கல்யாணத்துக்கு நானும் வர்றேன். உங்க அண்ணன்கிட்ட நானே சொல்றேன்."

நாச்சிமுத்து அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க, நீங்கதான் சொல்லோணும். நீங்க சொன்னதாலதான் நான் அப்படிப் பேசினேன்னு சொல்லுங்க. என் மேல தப்பு ஒண்ணுமில்லைன்னு அண்ணனுக்குச் சொல்லுங்க, டீச்சர்."

டீச்சர் பெட்டியை மூடினார். கூட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ஒன்பதைத் தப்பாப் படிச்சது நான். அதை நான் சொல்லிடுவேன்."

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஆனா இந்தக் கீறல் அன்னிக்கும் இங்கேயேதான் இருந்துச்சு, சார். நான் ஒன்பதைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க எதைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"